தாங்குவதும் தணிப்பதும்

வண்டி என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சம் சக்கரத்தை நினைக்கின்றது. அடுத்தபடியாக அதனை இயக்கும் காளையையோ எந்திரத்தையோ நினைக்கின்றது. சக்கரத்துக்கும் அமர்ந்து செல்வோருக்கும் இடையே நின்று, சாலையின் மேடு பள்ளங்களைத் தாமே வாங்கிக்கொண்டு, மேலே இருப்பவரை நலமாகக் கொண்டு சேர்க்கும் உறுப்புகளை எண்ணிப் பார்ப்பவர் அரியர். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. நலமாக இருக்கும் வரை ஓசை எழுப்புவதும் இல்லை. தேய்ந்த பிறகே தாம் அங்கே இருப்பதைத் தட்டிச் சொல்கின்றன.

பழந்தமிழ்ப் புலவர்கள் வண்டியின் உறுப்புகளைக் கூர்ந்து நோக்கியவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டி உறுப்பு உறுப்பாக எடுத்துரைக்கப்படுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததை உவமையாக்குகிறார். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். இன்று நாம் 'ஸ்பேர்' என்று சொல்வதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் சொல் இருந்தது என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவர் முகங்கள் மலரும். வள்ளுவரோ, ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்னும் உண்மையை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார்.

கட்டை வண்டியில் அச்சு வாங்கும் அடி அவ்வளவும் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கு நேரே வந்து சேரும். அதனினும் மேம்பட்டது வில்வண்டி. வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி, அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே வைத்தார்கள். அதற்கு நம் முன்னோர் 'வில்' என்றே பெயரிட்டனர். வளையும், வளைந்த பின் நிமிரும் என்பதால் பொருந்திய பெயர். அச்சொல்லின் நயத்தை என் கையாலேயே தொட்டு உணரும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் வாய்த்தது.

வாப்பாவின் வண்டி

எங்கள் வீட்டில் இருப்பது 2001ஆம் ஆண்டில் வாப்பா வாங்கிய மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. 796 சி.சி. எந்திரம், எடை ஏறத்தாழ 650 கிலோ. நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முதலாகக் கதவைத் திறந்து அமர்ந்த கார் அதுவே. வாப்பா துணிக்கடை வைத்திருந்தார்கள். கடை விடுமுறை நாட்களில் வண்டியின் சிறு பழுதுகளைத் தாமே பார்ப்பார்கள். ஸ்பேனரை எண் சொல்லிக் கேட்பார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் மறைந்த பின் அந்தக் கருவிப் பெட்டியும் வண்டியும் என் பொறுப்பில் வந்தன. பதினைந்து ஆண்டுகள் நிறைந்து 2016இலும், பின்னர் 2021இலும் பதிவைப் புதுப்பித்தோம். ஒரு பொருளை நம்மிடம் ஒருவர் விட்டுச் சென்றால் அது அமானிதம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை இப்பகுதியினர் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருக்கெடுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் தொடர்வண்டி நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். நீர் வடிந்த பின் பார்த்தால் சாலைகள் பல இடங்களில் சாலையாக இல்லை. அந்தச் சாலைகளில்தான் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு எங்கள் சிறு வண்டி பலமுறை சென்று வந்தது. உம்மாவின் மூத்த சகோதரி காயல்பட்டினத்தில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது.

பிப்ரவரி மாதத்தில் வண்டியின் முன்பக்கம் பேசத் தொடங்கியது. வேகத்தடையில் ஏறும்போது ஒரு 'டக்', இறங்கும்போது மற்றொன்று. பள்ளத்தில் விழுந்தால் உடல் முழுவதும் குலுங்கும் அடி. இளையோர்க்கு அது வெறும் ஓசை. உம்மாவுக்கு அப்படியன்று. 2022இல் வழுக்கி விழுந்ததில் அவர்களின் முதுகெலும்புக் கணு ஒன்று நசுங்கியிருந்தது. குலுக்கல் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. பேருந்தில் அமரவே இயலாது. வீட்டு வண்டியிலும் அமர இயலாது என்றாகிவிட்ட நேரத்தில், காயல்பட்டினத்திலிருந்து பெரியம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

"ராத்தாவப் பாக்கணும் வாப்பா" என்றார்கள் உம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதையே சொன்னார்கள்.

பழுது பார்க்கும் நிலையம் ஒன்றில் வண்டியைக் காட்டினேன். முன்பக்கம் முழுவதையும் மாற்ற ஆகும் தொகையைக் கணக்கிட்டு, வண்டியின் இன்றைய விலையை அதன் பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். விற்றுவிடுவதே அறிவுடைமை என்பது அவர்கள் முடிவு. வணிகக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உம்மா எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

ஓசையைப் படித்தவன்

அந்நாட்களில் ஒரு காலை கல்லூரி வாயிலருகே வண்டியை நிறுத்தி இறங்கினேன். எங்கள் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அருகே வந்தான். வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து அதிகம் பேசாதவன்.

"ஐயா, முன்னால இடது பக்கம் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு. பால் ஜாயிண்டும் சரியில்ல. ஷாக்கப்சர்ல எண்ணெய் கசியும், பாருங்க" என்றான்.

"வண்டிக்குக் கீழே பார்த்தாயா?"

"இல்ல ஐயா. வேகத்தடையில ஏறி இறங்குன சத்தத்த வச்சுச் சொல்லுதேன்."

குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தின் உட்புறத்தில், நிமிர்ந்து நிற்கும் குழாயின் மேல் எண்ணெயும் புழுதியும் கலந்து கருஞ்சேறாகப் படிந்திருந்தது. யாப்பருங்கலக்காரிகையைக் கற்ற ஒருவன் தளை தட்டுவதைக் காதாலேயே கண்டுகொள்வதைப் போல, அவன் ஓசையை அசை அசையாகப் பிரித்துப் படித்திருக்கிறான்!

கேட்டபோதுதான் தெரிந்தது. சுமை தூக்கும் தொழிலாளியான அவன் தந்தை முந்தைய ஆண்டு மாடியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் இருக்கிறார். மாலையிலும், வேலை மிகுந்த நாட்களில் பகலிலும் இவன் கார்ப் பட்டறை ஒன்றில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறான். "ஞாயித்துக்கிழம நான் வீட்டுக்கு வந்து மாத்தித் தாரேன் ஐயா. காசு ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

அந்தச் சொல் இனித்தது. ஆனால் என் மேசையின் மேல் ஒரு கோப்பு இருந்தது.

கோப்பும் வண்டியும்

தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். சற்றுக் குறைந்தோர்க்குத் தக்க காரணம் இருந்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு இசைவு அளிக்கலாம். அவ்வாண்டு எங்கள் துறையில் குறைவருகைப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. பட்டியலில் அவன் பெயர் இருந்தது: 68 விழுக்காடு. காரணம் என்னும் கட்டத்தில் 'குடும்பச் சூழல்' என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதியிருந்தான். அப்படி எழுதுவோர் பலர். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் ஒன்றும் அறிய முடியாது.

அவனை அழைத்து இரண்டு செய்திகளைச் சொன்னேன். முதலாவது: "உன் கோப்பு என் மேசையில் இருக்கும் வரை என் வண்டியை நீ தொடக் கூடாது." இரண்டாவது: "காரணத்தை முழுமையாக எழுது. எந்தப் பட்டறை, எத்தனை மணி நேரம், ஏன். பட்டறை உரிமையாளரின் கடிதமும் வேண்டும்."

முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டான். இரண்டாவதற்குத் தயங்கினான். "பட்டறையில வேலைன்னு எழுதணுமா ஐயா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். ஓசையைக் கேட்டே பழுதை உரைத்த அந்தக் குரல் இப்போது தாழ்ந்து ஒலித்தது.

இரும்பைக் கையாளும் தொழிலில் தாழ்வு ஏது? நபி தாவூது (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டதையும், அவர்கள் போர்க்கவசம் செய்ததையும் திருமறை எடுத்துரைக்கிறது. வளையங்களை அளவாகச் செய்யுமாறு அவர்களுக்குக் கட்டளையும் இடப்பட்டது. அளவு என்பது தொழிலின் ஒழுக்கம். இதை அவனிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்தான்.

ஆனால் குழு கூட இருபது நாட்கள் இருந்தன. வீட்டில் உம்மா ஒவ்வொரு மாலையும் காயல்பட்டினத்துக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். மறுமுனையில் பெரியம்மாவின் குரல் நாளுக்கு நாள் மெலிந்து வந்தது. ஒரு நாள் உம்மாவிடம் நிலைமையை விளக்கினேன். பையன் ஏழை, அவன் படிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது, இப்போது அவன் உழைப்பைப் பெற்றால் நான் எழுதும் பரிந்துரை விலை போனதாகிவிடும், நான் நேர்மையாக எழுதினாலும் அவன் அப்படி எண்ண மாட்டான். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அந்தப் புள்ளையோட பரீட்ச முடிவாகட்டும். ராத்தாவ அல்லாஹ் பாத்துக்கிடுவான்" என்றார்கள். அச்சொல்லின் எடையை நான் அறிவேன்.

மார்ச் மாத இறுதியில் குழு கூடியது. அவன் எழுதிய ஒன்றரைப் பக்கத்தையும் உரிமையாளரின் கடிதத்தையும் வைத்தேன். விதி விதிதானே என்று ஒருவர் வினவினார், வினவுவது முறையே. விதிக்குள்ளேயே இசைவுக்கு இடம் இருப்பதைச் சுட்டினேன். விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்பு வகுப்புகளில் கலந்துகொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு இசைவு கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 31 அன்று, அவன் வீட்டுக்கு வந்தான்.

முன்வாசலில் ஒரு பாடம்

சுபுஹு தொழுகை முடிந்து வெளிச்சம் பரவிய வேளை. வெயில் ஏறுமுன் முடிக்க எண்ணம். சிமெண்டுத் தளம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தான். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். சக்கர நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்தினான். அதன் பிறகுதான் ஜாக்கி. தூக்கியதும், கொண்டு வந்திருந்த இரும்புத் தாங்கிகள் இரண்டை அடியில் நிறுத்தி, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, அசைத்துப் பார்த்தான்.

"ஜாக்கிய மட்டும் நம்பிக் கீழ தலைய நீட்டக் கூடாது ஐயா. ஜாக்கி தூக்குறதுக்குத்தான், தாங்குறதுக்கு இல்ல."

தூக்குவது வேறு, தாங்குவது வேறு! தமிழாசிரியன் நான் குறித்துக்கொண்டேன்.

வாசகர்களின் தெளிவுக்காக அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இவ்வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது, அமெரிக்கப் பொறியாளர் மெக்ஃபர்சன் வடிவமைத்த முறை. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான ஃபோர்டு கார்களில் புகழ்பெற்று, சிறு கார்களின் பொதுமுறையாகவே ஆயிற்று. நிமிர்ந்த குழாய் ஒன்று; அதனைச் சுற்றிச் சுருள்வில். கீழே, சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஒரு கை. அதுவே லோயர் ஆர்ம். அக்கையின் உட்புற முனையில் ரப்பர் புஷ். வெளிமுனையில் பால் ஜாயிண்ட். நம் இடுப்பு மூட்டைப் போலவே கிண்ணத்துக்குள் பந்து சுழலும் மூட்டு அது. இரு பக்கத்துக் கைகளையும் குறுக்கே செல்லும் வளைந்த கம்பி ஒன்று இணைக்கும். அதன் முனைகளிலும் ரப்பர் புஷ்கள் உண்டு.

முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டுகளில் ஊற்றி வைத்திருந்தேன். எனினும் கம்பி முனையின் நட்டு எளிதில் அசையவில்லை. அவன் வலிமையைக் காட்டவில்லை. சிறிது முன்னே, சிறிது பின்னே, மீண்டும் எண்ணெய். அரை மணி நேரத்தில் அது தானே வழிக்கு வந்தது. கழற்றிய கையை என்னிடம் தந்தான். புஷ்ஷின் ரப்பர் வெடித்து, நடுவில் இருக்க வேண்டிய இரும்பு வளையம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. பால் ஜாயிண்டின் உறை கிழிந்து, உள்ளே மசகு இருக்க வேண்டிய இடத்தில் மண்ணும் ஈரமும். விரலால் அசைத்தால் பந்து கிண்ணத்துக்குள் ஆடியது. அது முற்றிலும் கழன்றால் ஓடும் வண்டியின் சக்கரம் மடங்கிவிடும் என்றான். வெள்ளச் சாலையில் அரிசி மூட்டைகளோடு சென்றதை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நிமிர்ந்த குழாய். அதனைச் சுருள்வில்லோடு முழுமையாகக் கழற்றி எடுத்தான். வில்லைப் பிரிக்க நான் ஸ்பேனரை நீட்டியபோது கை காட்டித் தடுத்தான். "இது மட்டும் இங்க வேண்டாம் ஐயா." சுருள்வில் அமுக்கப்பட்ட நிலையில் உள்ளே அடைபட்டிருக்கிறது. அதனை இறுக்கிப் பிடிக்கும் கருவி இன்றி நடு நட்டைத் திறந்தால், தெறித்து ஆளையே கொன்றுவிடும். இரண்டு குழாய்களையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு, உரிமையாளரின் இசைவுடன் பட்டறைக்குச் சென்று, புதிய குழாய்களில் வில்லை மாற்றி ஒரு மணி நேரத்தில் திரும்பினான். வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அறிவதும் தொழிலறிவே.

பழைய குழாயின் தண்டை அமுக்கிப் பார்க்கச் சொன்னான். தடையின்றி உள்ளே போயிற்று, போனது திரும்பவில்லை. புதியதை அமுக்கினால் மெல்ல, எதிர்த்து எதிர்த்து இறங்கியது. உள்ளே எண்ணெய். சிறு துளைகளின் வழியே அது நெருங்கிப் புகுந்து செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு ஓடிய வண்டியின் குழாயைத் தொட்டால் சுடும்.

அப்போது எனக்கு ஒரு சொல்லாராய்ச்சி தோன்றியது. கலைச்சொல் தொகுப்புகளில் இதனை 'அதிர்வு தாங்கி' என்கிறோம். உண்மையில் தாங்குவது இதுவன்று. அதிர்ச்சியை முதலில் வாங்குவதும் வண்டியின் எடையைச் சுமப்பதும் சுருள்வில். ஆனால் வில் வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அதனைத் தனியே விட்டால் வண்டி ஒரு பள்ளத்துக்காக ஊஞ்சலைப் போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கித் தன்னுள் வெப்பமாக ஏற்றுக்கொள்வது இக்குழாய். ஆகவே இதற்கு 'அதிர்வு தணிப்பான்' என்பதே பொருந்தும். அவனிடம் சொன்னேன். சிரித்து, "பட்டறையில போய்ச் சொல்லுதேன் ஐயா" என்றான்.

இதற்கிடையே உம்மா அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தார்கள். நான் நோன்பு என்பதால் அவன் வாங்க மறுத்தான். "நோன்பு எங்களுக்கு. உனக்கு இல்ல மக்களே, குடி" என்றார்கள். "சரி ஆச்சி" என்று திரும்பி நின்று குடித்தான்.

சுமை ஏறிய நிலை

புதிய கைகளையும் புஷ்களையும் பூட்டிய போது ஒன்றைக் கவனித்தேன். உட்புற முனையின் போல்ட்டை அவன் முழுமையாக இறுக்கவில்லை, கையளவில் விட்டுவிட்டான். வலப்பக்கமும் அவ்வாறே. ஒரு பக்கம் மட்டும் பழுது என்றாலும் இரண்டு பக்கமும் ஒருசேர மாற்றுவதே முறை. ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எல்லாம் பூட்டி, சக்கரங்களை மாட்டி, அடியில் கனத்த பலகைகளை வைத்து, வண்டியை இறக்கினான். முன்பகுதியை இருமுறை அமுக்கி விட்டான். வண்டி தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தது. அதன் பிறகே கீழே நுழைந்து அந்த போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினான்.

காரணம் கேட்டேன்.

"தொங்கும்போது இறுக்கிட்டா, ரப்பர் அந்த நெலையில பிடிச்சுக்கிடும் ஐயா. அப்புறம் எறக்குனா, நிக்கும்போதே முறுக்கிக்கிட்டே இருக்கும். சீக்கிரம் கிழிஞ்சிரும். எந்த நெலையில சுமக்கணுமோ அந்த நெலையில வச்சுத்தான் இறுக்கணும்."

அவன் பொறியியலைச் சொன்னான். நான் வேறொன்றையும் கேட்டேன். வருகைப் பதிவேட்டில் ஒருவனைப் பார்ப்பது, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் வண்டியைப் பார்ப்பது போன்றது. அவன் தோளில் வீடு இறங்கி அமர்ந்திருக்கும் நிலையில் அவனைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விதியை இறுக்க வேண்டும். விதி வேண்டாம் என்பதன்று. இறுக்காத போல்ட்டு ஆளைக் கொல்லும். எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பதே கேள்வி.

லுஹருக்கு முன் வேலை முடிந்தது. உதிரிப் பாகங்களுக்கு 6,400 ரூபாய் ஆகியிருந்தது. அவனுக்கு 1,500 ரூபாயை நீட்டினேன். மறுத்தான். வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த நெறி. உம்மாதான் முடித்து வைத்தார்கள்: "கூலிய வாங்காமப் போனா அடுத்த தடவ உன்னக் கூப்பிட முடியாதுலா மக்களே." வாங்கிக்கொண்டான். மறுநாள் சக்கரங்களின் நேர்மையை எந்திரத்தில் சரிபார்த்தேன். குழாய்களைக் கழற்றி மாட்டினால் இதனைத் தவிர்க்கலாகாது. தவிர்த்தால் டயர் ஒருபுறமாகத் தேயும்.

உப்பு வண்டிகள் சென்ற வழி

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை. பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருந்தன. முதுகுக்குத் தலையணை வைத்து உம்மாவை முன் இருக்கையில் அமர்த்தினேன். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர். வெள்ளம் அரித்த இடங்கள் சில செப்பனிடப்பட்டிருந்தன. சில அப்படியே இருந்தன. ஒவ்வொரு பள்ளத்தின் முன்னும் உம்மாவின் கை கதவின் பிடியை இறுகப் பற்றும். பள்ளம் வந்து போகும். வண்டி ஒருமுறை தாழ்ந்து, ஒருமுறை எழுந்து, அடங்கிவிடும். ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் அந்தக் கை பிடியை விட்டு மடிக்கு வந்துவிட்டதைக் கண்டேன். ஆறுமுகநேரியை நெருங்கியபோது உப்பளங்கள் வெயிலில் வெண்மையாக ஒளிர்ந்தன. உமணர்கள் சேம அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதும் இத்தகைய கடற்கரை உப்பளங்களிலிருந்துதானே!

பெரியம்மா கட்டிலில் இருந்தார்கள். உம்மா அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் வெகுநேரம் சிறுவயதுக் கதைகளைப் பேசினார்கள். நான் வெளியே திண்ணையில் இருந்தேன். அன்று அங்கேயே நோன்பு திறந்து, இரவு திரும்பினோம். அவ்வாண்டு ஆகஸ்டில் பெரியம்மா வஃபாத்தானார்கள். அச்செய்தி வந்த இரவில் உம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பாத்துட்டேன்லா வாப்பா."

அந்த மாணவன் அப்பருவத்தேர்வில் எல்லாத் தாள்களிலும் வென்றான். 2025இல் பட்டம் பெற்று, பட்டறையை விடாமலே முதுகலையில் சேர்ந்திருக்கிறான். பட்டறைத் தமிழை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கேட்டான். 'எண்ணெய் கசியுது', 'புஷ் போயிருக்கு', 'வண்டி இழுக்குது' என்னும் தொடர்களெல்லாம் அகராதியில் இடம்பெறாமல் நம் தெருக்களில் வாழ்கின்றன. எடுக்கலாம் என்றேன்.

இம்மலரைப் படிக்கும் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களில் மதிப்பெண் கேட்கிறோம். வருமானச் சான்று கேட்கிறோம். படிக்கும் காலத்திலேயே அப்பிள்ளை என்ன வேலை செய்கிறது, எத்தனை மணி நேரம் செய்கிறது, யாரைத் தாங்குகிறது என்று கேட்கும் கட்டம் ஒன்றையும் சேருங்கள். அதில் உண்மையை எழுத எந்தப் பிள்ளையும் நாணக் கூடாத வகையில் அதைக் கேளுங்கள். தாங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் மேல் விழும் அடியைச் சற்றே தணிப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கான மனத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.